கார் பாஸான நேரம்

ரோலா, ஷார்ஜா
இருபத்தெட்டாம் நோன்பு, வெள்ளிக்கிழமை

அன்பிலும் கண்ணியத்திலும் எனக்கு மூத்தவரான மச்சான் ஹபீப் முகம்மது அவர்களுக்கு, உங்கள் தங்கை நஸீராவின் கணவன் கௌஸ் முகைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், நஸீரா, மகள் அஃப்னா, நீங்கள் விட்டுப்போன கார் ஆகிய நால்வரும் சுகம். கீழக்கரையில் நீங்களும் உங்கள் வீட்டார் உம்மு சல்மா அவர்களும் உங்கள் முழங்காலும் அதேபோல் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். மேற்படி நால்வரில் கடைசியாகச் சொன்னவரின் சுகத்தைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். மூன்று தடவை சொல்லத் தொடங்கினேன். மூன்று தடவையும் நான் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில், "பாஸாயிருச்சா இல்லியா மச்சான், அத மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். அதை மட்டும் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? அதனால் பெருநாள் கொண்டாட நாளைக்கு ஊருக்கு வரும் நம்மூர் நுஃமானின் பெட்டியில் இரண்டு கிலோ பேரீச்சம்பழம், உம்மு சல்மா அவர்கள் கேட்ட தைலம், அவற்றோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

முதலில் நன்றி. இரண்டு வருடத்துக்கு முன் இருபத்தேழு வருட ஷார்ஜா வாழ்க்கையை முடித்துக்கொண்டு நீங்கள் விமானம் ஏறிய அன்று, விமான நிலைய வாசலில் கார் சாவியை எடுத்தீர்கள். நான் கையை நீட்டினேன். நீங்கள் என் கையைத் தாண்டி நஸீராவின் கையில் வைத்தீர்கள். வண்டியின் பதிவு அட்டையான முல்கியாவையும் அவள் பேருக்கே மாற்றியிருந்தீர்கள். அப்போது அவளுக்கு லைசென்ஸே கிடையாது. உள்ளதைச் சொன்னால் அன்று எனக்கு மனம் சுருங்கித்தான் போனது. முல்கியா அவள் பேரில், ஸ்டீயரிங் என் கையில் என்று இரண்டு வருடம் ஓட்டினேன். அதற்குள் அவள் ரோடு டெஸ்ட்டில் ஏழு தடவை ஃபெயில் ஆனாள். ஏழு தடவையும் நான் அவளைக் கேலி செய்தேன். ஏழு தடவையும் அவள் வெளியே வரும்வரை வெயிலில் நின்றது நான்தான் என்பதால் கேலி செய்யும் பாத்தியதை எனக்கு உண்டு என்று நினைத்தேன். எட்டாவது தடவை, மூன்று மாதத்துக்கு முன், பாஸானாள். அது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் தெரியாது.

முவைலாப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் நஸீராவுக்கு உதவி ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. நாற்பத்துநான்கு வயதில் முதல் வேலை. ரோலாவிலிருந்து அவர்களுடைய பஸ் வராது, சொந்த வண்டி இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றாள். அப்படியானால் பெருநாளுக்கு முன்னால் புதுப்பித்த முல்கியாவின் நகலைக் கொடுங்கள், பெருநாள் கழிந்து டூட்டிக்கு வாருங்கள் என்றார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். முல்கியா புதுசாக வேண்டுமென்றால் கார் பாஸிங் ஆகவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை காரைப் பரிசோதனை நிலையத்தில் காட்டி, இது ரோட்டில் ஓடலாம் என்று தாள் வாங்குவது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. இதை நீங்கள் உம்மு சல்மா அவர்களுக்கும் வாசித்துக் காட்டுவீர்கள் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

போகும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த ஐந்து விதிகள் இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியபடியே இருக்கின்றன. ஒன்று, மாதத்தின் முதல் தேதியில் போகக் கூடாது, கூட்டம். இரண்டு, மணல் காற்று வீசும் நாளில் போகக் கூடாது. மூன்று, காருக்குள் அத்தர் அடிக்கக் கூடாது, எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள். நான்கு, இன்ஸ்பெக்டரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஐந்தாவதுதான் அடிக்கோடு போட்டது: கடைசி நேரத்தில் போகவேண்டும், அப்போது அவர்கள் காரைப் பார்க்கமாட்டார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்த ஐந்தாவது விதியைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் மூளையை நினைத்து நான் வியந்துபோவேன். இருபத்தேழு வருட அனுபவத்தை ஒரு வரியில் அடக்கிவிட்டீர்கள்.

முல்கியா போன மாதக் கடைசியோடு முடிந்தது. முடிவதற்கு முன்பே போய்விடலாம் என்று நஸீரா சொன்னாள். முடிந்த பிறகும் முப்பது நாள் சலுகை இருக்கிறதே, அரசாங்கம் மனமுவந்து கொடுப்பதை வேண்டாம் என்பது மரியாதையா என்று நான் கேட்டேன். அதுவும் இந்த வருடம் அந்த முப்பது நாளும் ரமலானில் வந்து விழுந்தன. உங்கள் ஐந்தாவது விதியையும் ரமலானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது போகவேண்டும். இன்ஸ்பெக்டருக்கு நாக்கு வறண்டிருக்கும், மனம் சர்பத்தில் இருக்கும், காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு யல்லா என்று அனுப்பிவிடுவார். இந்த யோசனை தோன்றிய அன்று நான் நஸீராவிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே கசிந்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

ஒன்பதாம் நோன்பு, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தேகால். கடையில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, பின் சீட்டில் ஃபிளாஸ்க் நிறைய நோன்புக் கஞ்சியும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குள் திரும்பினேன். எனக்கு முன்னால் நாற்பத்தொரு வண்டி. ஷார்ஜாவில் மூளையுள்ளவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். முன்னால் நின்ற பாகிஸ்தானி பாயிடம், எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். இந்த நேரத்தில் வந்தால் ஜல்தி ஆகிவிடும் என்று அவர் இருபது வருடமாக இப்படித்தான் வருகிறாராம். இன்றைக்கு மட்டும்தான் கொஞ்சம் கூட்டம் என்றார். போன வருடமும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்.

எங்கள் வண்டியின் முறை வந்தபோது வெயில் சுத்தமாக இறங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் சூடான் நாட்டுக்காரர், என் வயதிருக்கும், நல்ல உயரம். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி ஆள் உயரத்துக்கு மேலே தூக்கச் சொன்னார். டார்ச்சை அடித்துக்கொண்டு அடியில் போய் நின்றார், பாங்கு சொல்லிவிட்டார்கள். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, கலாஸ், நோன்பு திறந்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று சைகை காட்டினார். எல்லோரும் கிளம்பினார்கள். நான் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கஞ்சி மேலே இருக்கிறது, பேரீச்சம்பழமும் மேலே இருக்கிறது, நான் கீழே இருக்கிறேன். லிஃப்ட்டை இறக்கும் ஆள் முதல் ஆளாகப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அரபியில் எனக்குத் தெரிந்த 'ஃபோக், ஃபோக்' என்ற ஒரே சொல்லைச் சொல்லி மேலே கையைக் காட்டினேன். அந்தச் சூடானிக்கு என்ன புரிந்ததோ, ஒரு ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஃபிளாஸ்க்கையும் டப்பாவையும் எடுத்துக் கொடுத்தார். தான் நோன்பு திறக்காமல் எனக்காக ஏணியில் ஏறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன் மச்சான்.

அப்புறம் என்ன, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு விரித்து ஏழெட்டு பேர் உட்கார்ந்தோம். அவர்களுடைய மோரும் ஈச்சம்பழமும் எனக்கு, என்னுடைய கஞ்சி அவர்களுக்கு. காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். சூடானி மூன்று கப் குடித்தார். அரிசி, கறி, வெந்தயம், இஞ்சி, பூண்டு என்று கைவிரலை மடக்கி விளக்கினேன். உங்கள் நான்காவது விதி ஞாபகம் வந்தபோது நான் பேச ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. மஃரிபுத் தொழுகையில் தோளோடு தோள் நின்றோம். என் கஞ்சியைக் குடித்தவர் என்னைக் கைவிடமாட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. தொழுதுவிட்டு வந்து டார்ச்சை எடுத்தாரே பார்க்கவேண்டும். பசியோடு இருந்திருந்தால் இரண்டு குறை கண்டிருப்பார். கஞ்சி குடித்த தெம்பில் நான்கு கண்டார். நான்கு டயரும் பார்க்கப் புதுசு, ஆனால் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, ஏழு வயதாகிவிட்டது என்றார். ஒரு பிரேக் லைட் எரியவில்லை, ஹாரன் ஆடு கத்துவதுபோல் கத்துகிறது, பானட்டில் பெயின்ட் உரிந்திருக்கிறது. கடைசியில் என் தோளில் கையைப் போட்டு, ஆங்கிலமும் அரபியுமாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யா அகி, கஞ்சி பாஸ். கார் ஃபெயில்."

வீட்டுக்கு வந்து தாளை நீட்டினேன். முல்கியாவில் உன் பேர்தானே இருக்கிறது, இதையும் உன் கணக்கில் எட்டாவதாக எழுதிக்கொள் என்று பழைய பழக்கத்தில் கேலி செய்தேன். நஸீரா தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தாள். "எனக்கு ஏழு தடவ ஆச்சு. அதுக்கு ஒண்ணுதானே ஆயிருக்கு, வுடுங்க" என்றாள். அதன் பிறகு ஃபிளாஸ்க் எங்கே என்று கேட்டாள். உம்மு சல்மா அவர்கள் அவளுக்குக் கொடுத்த அந்தச் சிவப்பு ஃபிளாஸ்க்கை நான் பரிசோதனை நிலையத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். கடையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நோன்பு நேரத்தில் பொய் சொல்லக் கூடாதுதான், ஆனால் அப்போது நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

கடை வேலையில் ஒரு வாரம் ஓடிவிட்டது, பதினேழாம் நோன்பு, திங்கட்கிழமைதான் சனையா தொழிற்பேட்டையில் கார்மேகத்தின் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். உங்களுக்குத் தெரிந்த அதே பரமக்குடிக் கார்மேகம்தான், இன்னும் உங்களைப் பற்றி விசாரிக்காத நாள் இல்லை. தாளைப் பார்க்கும் முன் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்றுதான் கேட்டார். சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நாலரைலருந்து ஆறு ராகு காலம் பாய். அந்த நேரத்துல வண்டிய மேல ஏத்துனா எப்புடி நல்லபடியா எறங்கும்?" என்றார். நமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வண்டி நல்லபடியாக இறங்கவில்லை என்பதையும் மறுக்க முடியாது. எப்போது போகலாம் என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள் என்றார். டயர், லைட், ஹாரன் எல்லாம் மாற்றிவிட்டு, பானட்டுக்குப் பெயின்ட் அடிக்க மூன்று நாள் வேண்டும் என்றார். அதெல்லாம் புதன்கிழமையைத் தாண்டிப் போய்விடும், நேரம்தான் முக்கியம் என்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இங்கேதான் நான் சறுக்கியது.

பத்தொன்பதாம் நோன்பு, புதன்கிழமை. காலையில் பானட்டைப் பார்த்தால் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. வீட்டில் நீங்கள் அனுப்பிய தேங்காய் எண்ணெய் இருந்தது. பழைய துணியில் தொட்டு ஒரு தேய் தேய்த்தேன், முகம் பார்க்கலாம்போல் மின்னியது. அந்தச் சந்தோஷத்தில் பாட்டிலைக் கவிழ்த்து, பானட்டு முழுவதும் ஊற்றித் தேய்த்தேன். அத்தர்தான் அடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள், எண்ணெய் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பதினொரு மணி வெயிலில் வரிசையில் நின்றபோது எண்ணெய் உருகி இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது. அன்று சூடானி இல்லை, ஒரு மலையாளி இன்ஸ்பெக்டர். வண்டியை மேலே தூக்கி அடியில் போய் நின்றார். அவர் சட்டைக் கையில் ஒரு சொட்டு விழுந்தது. விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். வேறு எந்த நாட்டுக்காரராக இருந்திருந்தாலும் நான் தப்பியிருப்பேன். "இது வெளிச்செண்ணையாணல்லோ, இக்கா" என்றார். மற்ற இன்ஸ்பெக்டர்களையும் கூப்பிட்டு ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள். அந்த மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனாலும் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஃபாரத்தில் தேங்காய் எண்ணெய்க்குக் கட்டம் இல்லை என்பதால் ஆயில் லீக் என்று குறித்து ஃபெயில் போட்டுக் கொடுத்தார்.

நஸீரா சமையலறையில் காலிப் பாட்டிலை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அஃப்னாதான், "வாப்பா, யூ புட் ஹேர் ஆயில் ஆன் தி கார்?" என்று கேட்டுவிட்டு, அவளுடைய தோழிகள் அத்தனை பேருக்கும் மெசேஜ் அனுப்பினாள். அன்று நோன்பு திறந்தபோது கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அலமாரிக் கதவில் நஸீராவின் புது அபாயா தேய்த்து மாட்டியிருந்தது. அதற்குக் கீழே புதுக் கைப்பை, அதற்குள் பள்ளியில் கொடுத்த அடையாள அட்டை. பெருநாளுக்குப் பத்துப் பதினொரு நாள்தான் இருந்தது. ஏழு தடவை தோற்றவளை நான் அவ்வளவு கேலி செய்தேன், அவள் எட்டாவது தடவையும் கிளம்பிப் போனாள். நான் இரண்டாவது தடவைக்கே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது மச்சான், வேறென்ன சொல்ல.

இந்த முறை அவள் சொன்னபடி கேட்டேன். வண்டியைக் கார்மேகத்திடம் விட்டு, அவர் கேட்ட மூன்று நாளையும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுப் பெயின்ட்டோடு வந்து நின்றது. எண்ணெயை எல்லாம் துடைத்து, அடிப்பக்கத்தையும் கழுவிக் கொடுத்திருந்தார். ஆனால் நேரத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து யோசித்து, இருபத்தேழாம் நோன்பு, வியாழக்கிழமை, காலை பத்து மணி என்று முடிவு செய்தேன். பாக்கியமான நாள். கார்மேகத்தின் கணக்கிலும் அந்த நேரத்தில் தடங்கல் இல்லை. முதல் தேதி இல்லை, காற்று இல்லை. பத்து மணிக்குத்தான் இன்ஸ்பெக்டர்கள் தூக்கம் கலைந்து நிதானமாக இருப்பார்கள், பசியும் இன்னும் பிடித்திருக்காது. ஒரே ஒரு சிக்கல். பெருநாள் வியாபாரம், கடையில் முதலாளி லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்றுவிட்டார். அப்படியானால் வண்டியை நானே கொண்டுபோகிறேன் என்றாள் நஸீரா.

லைசென்ஸ் வாங்கி மூன்று மாதத்தில் அவள் ஒருநாள்கூடத் தனியாக ஓட்டியதில்லை. பக்கத்தில் நான் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவேன். வேறு வழியில்லை, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது இருபதுக்குக் கிளம்பவேண்டும், எந்த ரவுண்டானாவில் எந்த வரிசையில் நிற்கவேண்டும், பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்போ பின்போ உள்ளே நுழையக் கூடாது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நேற்று, வியாழக்கிழமை, கடையில் எனக்குக் கை ஓடவில்லை. மூன்று மீட்டர் துணி கேட்ட அம்மாளுக்கு ஐந்து மீட்டர் வெட்டினேன். பதினொன்றே முக்காலுக்கு போன் வந்தது. "பாஸ்" என்றாள். நான் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடை நிறையக் கூட்டம், அழுதுவிட்டேன் மச்சான். ஐந்து மீட்டர் வாங்கிய அம்மாள்தான் தண்ணீர் கொடுக்கப்போய், நோன்பு என்று ஞாபகம் வந்து, விசிறிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மேஜைமேல் சிவப்பு ஃபிளாஸ்க். கழுவி, உள்ளே பேரீச்சம்பழம் நிறைத்து, கஞ்சிக்காரருக்கு ஸலாம் என்று சூடானி கொடுத்தனுப்பியிருக்கிறார். கடையில் இருந்த ஃபிளாஸ்க் அங்கே எப்படிப் போனது என்று நஸீரா கேட்கவில்லை. பாஸான தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். அதில் பாஸ் என்ற எழுத்தைப் பார்த்தேன், அதற்கு மேல் கண் மங்கிவிட்டது. முல்கியாவையும் போனிலேயே புதுப்பித்துப் பள்ளிக்கு நகல் அனுப்பியாகிவிட்டது.

ஆகவே நன்றி. ஏணியில் ஏறிய சூடானிக்கு நன்றி, மரியாதையாகச் சிரித்த மலையாளிக்கு நன்றி, உங்கள் பேரைச் சொன்னதும் மற்ற வண்டிகளை ஒதுக்கிவைத்துப் பெயின்ட் அடித்த கார்மேகத்துக்கு நன்றி, முப்பது நாள் சலுகை கொடுத்த இந்த நாட்டுக்கு நன்றி. எல்லோருக்கும் மேலாக உங்களுக்கு. விமான நிலைய வாசலில் நீங்கள் சாவியை என் கையைத் தாண்டி வைத்தது ஏன் என்று எனக்கு இரண்டு வருடம் புரியவில்லை, நேற்றுப் புரிந்தது. உங்கள் விதிகளைக் கொஞ்சம் திருத்தி, நேரம் குறிப்பதை மட்டும் நான் மேம்படுத்தியிருக்கிறேன். அந்தப் பெருமையிலும் பாதி உங்களுக்கே.

உங்கள் முழங்காலுக்கு நல்ல குணத்தையும், உங்கள் வீட்டுக்குக் குறையாத பரக்கத்தையும், நம் எல்லோருக்கும் சந்தோஷமான பெருநாளையும் ரப்பு தந்தருள்வானாக. உம்மு சல்மா அவர்களுக்கும், எங்களைக் கேட்ட, கேட்காத எல்லோருக்கும் ஸலாம்.

என்றும் உங்கள் அன்புக்குரிய மச்சான்,
கௌஸ் முகைதீன்

பின்குறிப்பு: அடுத்த வருடப் பாஸிங்குக்கு இப்போதே நாளும் நேரமும் பார்த்துவிட்டேன். நேரில் சொல்கிறேன். உறையை ஒட்டி நுஃமானிடம் சேர்க்கும் பொறுப்பை நஸீராவிடம் கொடுத்துவிட்டு அஸர் தொழப் போகிறேன்.

காக்கா, இதுக்குக் கீழ எழுதறது உங்க தங்கச்சி நஸீரா. அவங்க பள்ளிக்குப் போயிட்டாங்க, திரும்பி வர அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள எழுதிடறேன். எழுதினதெல்லாம் நெசம்தான், வியாழக்கிழமை தவிர.

கார் பாஸானது திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை கார்மேகம் அண்ணன் வண்டியத் தந்துட்டாரு. மறுநா சுபுஹு தொழுதுட்டு இவங்க படுத்துட்டாங்க, ரமலான்ல ஒம்போது மணிக்கு மேலதான் எழுந்திருப்பாங்க. எட்டு மணிக்கு நான் சாவிய எடுத்துட்டுப் போயிட்டேன். நேரம் எதுவும் பாக்கல, கை வேல முடிஞ்சிருந்துச்சு, போனேன். எனக்கு முன்னால ரெண்டே வண்டி. அந்தச் சூடானிதான் பாத்தாரு, இருபது நிமிஷத்துல தாளக் குடுத்துட்டாரு. ஃபிளாஸ்க்கும் அன்னைக்கே குடுத்தாரு, அதப் பாத்தப்பதான் அது எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியும். திங்கக்கிழமை அந்த நேரம் ராகு காலமாம், பொறகு தெரிஞ்சுது, கார்மேகம் அண்ணன்கிட்ட நீங்க சொல்லிடாதீங்க.

வீட்டுக்கு வந்தவுடனே சொல்லத்தான் வந்தேன். இவங்க எழுந்து உக்காந்து, வியாழக்கிழமை பத்து மணின்னு நாள் குறிச்சாச்சு நஸீரான்னு அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க. தாள அரிசி டின்னுக்குள்ள வெச்சுட்டேன்.

வியாழக்கிழமை அவங்க எழுதிக் குடுத்த மாதிரியே ஒம்போது இருபதுக்குக் கிளம்பினேன். பாஸிங்குக்குப் போகல, பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட் வரைக்கும் போய்ப் பாத்துட்டு, திரும்பி அல் கான் கடற்கரைக்குப் போயி வண்டிய நிறுத்தி உக்காந்திருந்தேன். அவங்க எழுதின தாள்ல ஒவ்வொரு ரவுண்டானாவுக்கும் வரிசை போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பயப்படாதேன்னு எழுதியிருந்தாங்க. அத இந்தக் கடுதாசில அவங்க உங்களுக்குச் சொல்லல. ஏழு தடவ நான் ஃபெயிலாகி வெளிய வந்தப்பவும் கையில ஜூஸ் வெச்சுக்கிட்டு நின்னாங்களே, அதையும் சொல்லல. வெயில்ல நின்னதோட முடிச்சுட்டாங்க.

அந்த அஞ்சு விதிய நீங்க வெளையாட்டுக்குத்தான் எழுதினீங்கன்னு எனக்குத் தெரியும் காக்கா, எழுதும்போது நீங்களும் மச்சியும் சிரிச்சத நான் பாத்தேன். அதையும் இவங்ககிட்ட எப்பவும் சொல்ல வேணாம். பாஸான தாள் ஃபிரிட்ஜ் கதவுல நேத்துலேர்ந்து ஒட்டியிருக்கு. மேலயே தேதியும் நேரமும் பெருசா போட்டிருக்கு. தண்ணி பாட்டில் எடுக்கறதுக்கு நோன்பு திறந்த பொறகு பத்துத் தடவ அதத் தொறந்து மூடிட்டாங்க, இன்னும் பாக்கல.